வளைகாப்புக்கு வராத மாப்பிள்ளை

ஆம்பூர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்பிகா,

நீ என் நம்பர பிளாக் பண்ணிட்டது தெரியும். பண்ணலைன்னாலும் நான் போன் பண்ணியிருப்பேன்னு உறுதியா சொல்ல முடியாது. மெசேஜ் டைப் பண்ணி அழிச்சி, மறுபடி டைப் பண்ணி அழிச்சேன். அனுப்பிட்டா நீல டிக் விழுந்துச்சா, நீ பதில் எழுதறியான்னு அதையே பாத்துக்கிட்டு வேல வெட்டி இல்லாம உக்காந்திருப்பேன். போஸ்ட்ல போட்டுட்டா என் கைய விட்டுப் போயிடும். அதான் பேப்பர்.

போன ஞாயித்துக்கிழம உன் வளைகாப்புக்கு நான் வரல. கம்பெனியில ஷூ ஷிப்மென்ட், லீவு குடுக்கலன்னு எங்க அம்மா சொன்னாங்க, உங்க அப்பாவும் அதையே வந்தவங்களுக்கெல்லாம் சொன்னாருன்னு கேள்விப்பட்டேன். ஷிப்மென்ட் எதுவும் இல்ல. அன்னிக்கி கம்பெனியே லீவு.

நான் வந்தேன் அம்பிகா. நீ நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். காலையில புது சட்ட போட்டுக்கிட்டு பஸ் ஏறி, மாதனூர்ல பஸ் மாறி, ஒடுகத்தூர்ல இறங்கினேன். உங்க தெருமுனை வரைக்கும் நடந்து வந்தேன். பந்தல் தெரிஞ்சுது. சேர் போட்டு உக்காந்திருந்தவங்க எல்லாம் தெருவப் பாத்துதான் உக்காந்திருந்தாங்க. அந்தப் பந்தல தாண்டித்தான் நான் உள்ள வரணும். மைக்ல யாரோ, மாப்பிள்ள வந்ததும் மால போடணும், ரெடியா வைங்கன்னு சொன்னாங்க. எனக்கு முதுகெல்லாம் வேர்த்து சட்ட ஒட்டிக்கிச்சி. இந்த ஈர சட்டையோட எப்பிடி போறதுன்னு ரேஷன் கட பின்னாடி போய் நின்னேன். காயட்டும்னு நின்னேன். அது காயல, ஜாஸ்திதான் ஆச்சி. வேலூர் பஸ் ஒண்ணு வந்துச்சி. ஏறிட்டேன்.

இதுக்கு சோஷியல் ஆங்சைட்டின்னு பேர் சொல்றாங்க. கூச்சம் இல்ல, அதுக்கும் மேல. நாலு பேர் பாக்கறாங்கன்னா எனக்கு தொண்ட அடச்சிடும், கை ஆடும். சின்ன வயசுலருந்தே இருக்கு. நான் டிசம்பர்லருந்து ஆன்லைன்ல சிகிச்ச எடுத்துட்டு இருக்கேன். வேலூர்லருந்து தமிழ்லயே நடத்தறாங்க. ஹெலன்னு ஒரு மேடம் வாரா வாரம் புதன்கிழம பேசுவாங்க. உன் வளைகாப்பு வருதேன்னு பயந்துதான் சேர்ந்தேன். சேர்ந்தும் இப்பிடி ஆயிடுச்சி.

வீட்டுல ஒருத்தருக்காவது இது தெரியணும்னு மேடம் ரொம்ப நாளா சொல்றாங்க. அம்மாகிட்ட சொல்ல முடியல. உனக்கு எழுதறேன்.

கோபி


ஒடுகத்தூர்
17 பிப்ரவரி 2024

உங்களுக்கு,

அன்புள்ளன்னு எழுத கை வரல, அதனால எழுதல.

தெருமுனை வரைக்கும் வந்தீங்களா. சந்தோஷம். அங்கருந்து எங்க வீடு எவ்ளோ தூரம்னு உங்களுக்குத் தெரியும். நான் எங்க உக்காந்திருந்தேன் தெரியுமா? மணையில. கன்னத்துல சந்தனம், நெத்தியில குங்குமம். எல்லாரும் என்னயும் வாசலையும் மாறி மாறி பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க பெரியம்மா, மாப்பிள்ள வராம வளையல் போடக்கூடாதுன்னுட்டாங்க. போட்டோக்காரரு, சார் எப்ப வருவாரு, வெயில் போயிட்டா போட்டோ நல்லா வராதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. உங்க அம்மா முந்தானையால மூஞ்ச தொடச்சிக்கிட்டே, இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்னாங்க. உங்க போன் ஸ்விட்ச் ஆஃப். கடசியில நல்ல நேரம் போகுதுன்னு நீங்க இல்லாமலே போட்டாங்க. ஆல்பத்துல எல்லா போட்டோவுலயும் எனக்குப் பக்கத்துல ஒரு காலி சேர் இருக்குது.

எங்க அப்பா பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. ஒவ்வொரு சேரா போயி, ஷிப்மென்ட்டுங்க, வெளிநாட்டு ஆர்டருங்கன்னு சொல்லிட்டு வந்தாரு. சொல்லிட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் போனவரு ரொம்ப நேரம் வெளிய வரல.

இப்ப நான் கேக்கறேன். புதன்கிழம சாயங்காலமானா நீங்க மொட்டமாடிக்குப் போய் கதவ சாத்திக்குவீங்க. ஒரு தடவ நான் துணி எடுக்க வந்தப்ப ஒரு பொம்பள குரல் கேட்டுச்சி. என்னப் பாத்ததும் போன கவுத்துப் போட்டீங்க. நான் அன்னிக்கே ஏதேதோ நெனச்சேன். அது இந்த ஹெலன் மேடமா? அவங்ககிட்ட ஒரு மணி நேரம் பேச முடியுது. எங்க அப்பாகிட்ட ரெண்டு வார்த்த பேச முடியல. இது இன்னா வியாதி?

இன்னொண்ணும் நெனச்சேன். எங்க வீடு பிடிக்கல. சாணி வாசன, மண் தர, அப்பாவோட வெடிச்ச காலு, இதெல்லாம் உங்களுக்குக் கேவலமா இருக்குது. கல்யாணமாகி விருந்துக்கு வந்தப்ப எல சோறு அப்பிடியே வச்சிட்டு எழுந்தீங்களே, அன்னிக்கி எங்க அம்மா அழுதாங்க. நான் உங்ககிட்ட சொல்லல. இப்ப சொல்றேன்.

அம்பிகா


ஆம்பூர்
23 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்பிகா,

அத்தை அழுதது எனக்குத் தெரியாது. அதப் படிச்சிட்டு அன்னிக்கி என்னால வேல செய்ய முடியல.

விருந்துல என்ன சுத்தி நின்னு பரிமாறினாங்க. மாப்பிள்ள சாப்பிடறத பாக்கணும்னு ஆசையா நின்னாங்க, தப்பா ஒண்ணும் இல்ல. மொத கவளம் எடுக்கறப்பவே கை ஆடுச்சி. சாம்பார் சட்டையில ஒழுகிச்சி. இன்னொரு கவளம் எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னு வயிறு சரியில்லன்னு எழுந்துட்டேன். அந்த மொச்சக்கொட்ட குழம்பு வாசன இன்னும் ஞாபகம் இருக்கு. நல்ல பசியோட எழுந்தேன். உங்க வீட்டப் பாத்து நான் வெக்கப்படல. உங்க வீட்டுல என்னப் பாத்து எல்லாரும் வெக்கப்படுவாங்கன்னுதான் பயந்தேன்.

உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப தலைய தூக்காம உக்காந்திருந்தேன். அடக்கமான பையன்னு உங்க அப்பா சொன்னாரு. ஸ்கூல்லயும் அதான் சொன்னாங்க, அமைதியான பையன்னு. பெரியவங்க முன்னாடி வாய் தொறக்காம இருந்தா நம்ம ஊர்ல மரியாத. அதனால யாருக்கும் தெரியல, எனக்கே ரொம்ப நாள் தெரியல. கம்பெனியிலயும் கம்ப்யூட்டர்ல ஷூவுக்கு பேட்டர்ன் போடற ரூம். நான் ஸ்கிரீன பாப்பேன், என்ன யாரும் பாக்க மாட்டாங்க. ஷூ வாங்கற வெளிநாட்டு பையர் வந்தா நான் டாய்லெட்ல போய் நிப்பேன். அவங்க போனப்புறம் வருவேன். இத எழுதறதுக்கே கேவலமா இருக்கு.

ஹெலன் மேடம்கிட்ட மட்டும் எப்பிடி பேச முடியுதுன்னு கேட்ட. பேசல. முதல்ல கொஞ்ச வாரம் கேமராவே போடல. அவங்க பேசுவாங்க, நான் டைப் பண்ணுவேன். நீ துணி எடுக்க வந்த அன்னிக்கித்தான் மொத தடவையா கேமரா போட்டிருந்தேன்.

பாடம் எல்லாம் வெளிநாட்டுல எழுதினது, தமிழ்ல மாத்தியிருக்காங்க. மொத பயிற்சியில, பார்ட்டிக்குப் போய் தெரியாத ஒருத்தர்கிட்ட உங்கள அறிமுகப்படுத்திக்குங்கன்னு இருந்துச்சி. அடுத்தது, உங்க அப்பா சொன்னது தப்புன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லுங்கன்னு. ஆம்பூர்ல பார்ட்டிக்கு எங்க மேடம் போறது, அப்பாவும் உயிரோட இல்லன்னு டைப் பண்ணேன். அவங்க ரொம்ப நேரம் சிரிச்சாங்க. அப்புறம், நீங்க சொல்றது சரி, இத நம்ம ஊருக்குத் தக்கன மாத்தத்தான் உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட கேட்டுட்டு இருக்கோம், உங்களுக்கு எதுல பயம்னு நீங்களே சொல்லுங்கன்னாங்க.

சொன்னேன். பந்தியில உக்கார்றது. வீட்டுக்கு வந்தவங்கள வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடறது. பஸ்ல ஸ்டாப் வந்துடுச்சின்னு கண்டக்டர்கிட்ட சத்தமா சொல்றது. மாமனார் வீட்டுக்குப் போறது. இப்ப அதையே எனக்குப் பயிற்சியா மாத்தியிருக்காங்க. சின்னதுலருந்து ஆரம்பிக்கணும். அம்மா எனக்கு மந்திரிச்சி கயிறு கட்டினத சொன்னேன், திட்டுவாங்கன்னு நெனச்சேன். கயிறு பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க பாடத்தையும் பண்ணுங்கன்னுட்டாங்க.

போன வாரம் கேன்டீன்ல நிசார் அஹமது எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். இத்தன வருஷமா ஒரே ரூம்ல வேல செய்யறோம், ஒண்ணா சாப்பிட்டதில்ல. கை ஆடுச்சி. அவன் என் கையப் பாத்தான், நல்லாவே பாத்தான். அப்புறம், குழம்புல உப்பு கம்மி, இல்லன்னு கேட்டான்.

இதெல்லாம் உன்னோட இருக்கட்டும் அம்பிகா. வேற யாருக்கும் தெரிய வேணாம். இது ஒண்ணுதான் நான் உன்ன கேக்கறது.

உடம்ப பாத்துக்க.

கோபி


ஆம்பூர்
2 மார்ச் 2024

அம்பிகா,

நேத்து ஷிப்ட் முடியற நேரம் உங்க அண்ணன் பரணிதரன் கம்பெனி கேட்டுல வந்து நின்னாரு. லைன்ல ஷூ தைக்கற பொம்பளைங்க, தோல் வெட்டற ஆளுங்க, எல்லாரும் வெளிய வர்ற நேரம். என்னப் பாத்ததும் தோள்ல கை போட்டு சத்தமா கேட்டாரு. "இன்னா மாப்ள, எங்க வீட்டுல இன்னா புலியா கட்டி வச்சிருக்கோம்? மனுஷங்களப் பாத்தா பயமாமே உனக்கு? அதுக்கு டீச்சர் வேற வச்சி பாடம் படிக்கிறியாமே?"

சிரிச்சாங்க. நிசார் மட்டும் சிரிக்கல, அவன் என் பைய வாங்கி வண்டியில வச்சான். உங்க அண்ணனும் கெட்ட எண்ணத்துல கேட்டதா தெரியல, டீ குடிக்க கூப்பிட்டாரு. நான் வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

இன்னிக்கி வேலைக்குப் போகல. புதன்கிழம மேடத்துகிட்டயும் வரலன்னு சொல்லிடுவேன்.

ஒண்ணுதான் கேட்டேன் உன்ன.

கோபி


ஒடுகத்தூர்
6 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்க கடிதத்த படிச்சதும் பரணி அண்ணன கூப்பிட்டு திட்டினேன். திட்டிட்டு உக்காந்தப்பதான் தெரிஞ்சிது, அவர திட்டறதுக்கு எனக்கு ஒரு யோக்கியதையும் இல்ல. வாய விட்டது நான்.

எப்பிடி ஆச்சின்னா, பெரியம்மா வந்து அம்மாகிட்ட, அவனுக்கு வெளிய யாரோ இருக்கறா, ஊர் பெரியவங்கள கூட்டிட்டுப் போய் ஆம்பூர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வரலாம்னு பேசிட்டு இருந்தாங்க. அம்மாவும் ஆமான்னாங்க. எனக்குத் தாங்கல. அப்பிடியெல்லாம் இல்லம்மா, அவருக்கு இந்த மாதிரின்னு அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன்னு எழுத ஆசையா இருக்குது. முழுசும் அப்பிடி இல்ல. புருஷனுக்கு இன்னொருத்தி இருக்கறான்னு ஊர் பேசறத விட வியாதின்னு பேசறது எனக்கு மரியாதையா தெரிஞ்சிது. என் மானத்துக்கு உங்க மானத்த எடுத்துக் குடுத்துட்டேன். அம்மா அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க.

மூஞ்ச எங்க வச்சிக்கிறதுன்னு தெரியல. பிளாக்க எடுத்துட்டு போன் பண்ணியும் பாத்தேன், உங்க போன் ஆஃப்ல இருக்குது. அதனாலதான் எழுதறேன்.

அப்பாவுக்கும் தெரிஞ்சிடுச்சி. "முன்னாடியே சொல்லியிருந்தா பந்தலே போட்டிருக்க மாட்டேனே. நாலு பேர வச்சி வீட்டுக்குள்ள முடிச்சிருப்பேன்"னாரு. கொழந்த பொறந்து பேர் வைக்கறப்ப யாரையும் கூப்பிட வேணாம், நம்ம மட்டும் இருந்தா போதும், மாப்பிள்ள நிம்மதியா வந்துட்டுப் போகட்டும்னு சொல்றாரு. எனக்கும் அதான் சரின்னு படுது.

மேடத்த விட்டுடாதீங்க. என்மேல இருக்கற கோவத்த அவங்கமேல காட்டாதீங்க.

அம்பிகா


ஆம்பூர்
12 மார்ச் 2024

அன்புள்ள அம்பிகா,

உன்மேல கோவம் போகல. போயிடுச்சின்னு எழுதினா பொய்.

மேடத்துகிட்ட மறுபடி பேசினேன். கேமரா போடாமத்தான் பேசினேன், பழயபடி. கேட்டுல நடந்தத சொன்னேன். அவங்க உங்க அண்ணன பத்தி ஒண்ணும் சொல்லல, உன்னப் பத்தியும் சொல்லல. அடுத்த நாள் கம்பெனிக்குள்ள போறப்ப என்னாவும்னு நெனைக்கிறீங்கன்னு மட்டும் கேட்டாங்க. எல்லாரும் கேலி பண்ணுவாங்கன்னேன். போய் பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னாங்க.

போனேன். ஸ்டிட்சிங் லைன்ல ஆரோக்கியமேரி அக்கா ஒருத்தங்க இருக்காங்க, கேட்டுல அன்னிக்கி சிரிச்சவங்கள்ல அவங்களும் ஒருத்தங்க. என்னப் பாத்து ஒரு மாதிரி நின்னாங்க. எங்க வீட்டுப் பையனும் இப்பிடித்தான் தம்பி, காலேஜ நிறுத்திட்டு ரூம விட்டே வர்றதில்ல, அந்த மேடம் நம்பர் கெடைக்குமான்னு கேட்டாங்க. நம்பர எழுதிக் குடுத்தேன். இன்னும் ரெண்டு பேர் பின்னாடி கிசுகிசுன்னு பேசறாங்க, அதும் உண்மதான்.

மாமா சொன்னத மேடத்துகிட்ட சொன்னேன். நல்ல மனுஷன்னாங்க. ஆனா ஆள் இல்லாத விசேஷமா பண்ணிட்டா எனக்குப் பயம் அப்பிடியேதான் இருக்கும்னாங்க. எனக்கும் அது புரியுது. அதனால மாமாகிட்ட சொல்லு, எல்லாரையும் கூப்பிடட்டும். பெரியம்மாவையும் கூப்பிடட்டும். எனக்குன்னு ஒண்ணும் கொறைக்க வேணாம். வர முடியும்னு சத்தியம் பண்ணல. ஆனா வளைகாப்புக்கு பண்ணின மாதிரி போன ஆஃப் பண்ண மாட்டேன். முடியலன்னா உன்ன கூப்பிட்டு முடியலன்னு சொல்லுவேன்.

எப்ப வலி எடுத்தாலும் நேரம் பாக்காம கூப்பிடு.

கோபி


ஒடுகத்தூர்
24 ஏப்ரல் 2024

அன்புள்ள உங்களுக்கு,

இப்பதான் பாப்பா தூங்கறா. போன்ல சொல்ல முடியாத ஒண்ணு இருக்குது, அதனால உங்க வழிக்கே வந்துட்டேன்.

வேலூர் ஆஸ்பத்திரியில பாப்பா பொறந்த அன்னிக்கி நீங்க வழி கேட்டு கேட்டு வார்டுக்கு வந்தத நர்ஸ் சொன்னாங்க. என்ன கூட நேரா பாக்காம ஜன்னல பாத்துக்கிட்டே, வலிச்சிதான்னு கேட்டீங்க. அன்னிக்கே பாதி கோவம் போயிடுச்சி.

ஞாயித்துக்கிழம பேர் வைக்கற விசேஷத்துக்கு நீங்க எல்லாருக்கும் முன்னாடியே வந்துட்டீங்க. பந்தல் வாசல்ல அப்பா பக்கத்துல நின்னு வர்றவங்கள கைகூப்பி வாங்கன்னீங்க. பாதி பேருக்குக் கேட்டிருக்காது, ஆனா வாய் அசஞ்சத நான் உள்ளருந்து பாத்தேன். பெரியம்மா உங்கள மேலயும் கீழயும் பாத்துட்டுத்தான் உள்ள வந்தாங்க.

அப்புறம் பாப்பாவ உங்க கையில குடுத்தாங்க. காதுல மெதுவா சொன்னா போதும்னு நீங்களும் நெனச்சிருப்பீங்க, நானும் அதான் நெனச்சேன். யாரோ ஒருத்தர், சத்தமா சொல்லுங்க மாப்ள, எங்களுக்கும் கேக்கட்டும்னுட்டாரு. எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. உங்களுக்கு வார்த்த வரல. வேர்த்து மூஞ்சியிலருந்து ஒழுகுது. கை அப்பிடி ஆடுது, பாப்பா அழ ஆரம்பிச்சிட்டா. "புள்ளய யாராவது வாங்குங்கடி, கீழ போட்டுடப் போறாரு"ன்னாங்க பெரியம்மா. பின்னாடி யாரோ சிரிச்சாங்க.

அப்ப நான் தலைய குனிஞ்சிக்கிட்டேன். புடவைய சரி பண்ற மாதிரி குனிஞ்சேன். எனக்கு உங்களப் பாத்து வெக்கமா இருந்துச்சி. எல்லாம் தெரிஞ்சும், இத்தன கடிதம் படிச்சும், இவரு ஏன் என் புருஷனா போனாருன்னு ஒரு நிமிஷம் தோணிச்சி. கம்பெனி கேட்டுல சிரிச்சவங்களுக்கும் எனக்கும் அந்த நேரத்துல வித்தியாசமே இல்ல.

நீங்க பேர் சொன்னது காதுல விழுந்தப்புறம்தான் தலைய தூக்கினேன். நித்திலான்னு நல்லா கேட்டுச்சி, மூணு தடவையும். அப்புறம் பந்தியில உக்காந்து சாப்பிட்டீங்க, சிந்திக்கிட்டே சாப்பிட்டீங்க, அம்மா ரசம் ஊத்திட்டு உள்ள வந்து கண்ண தொடச்சிக்கிட்டாங்க. எல்லாரும் என்கிட்ட வந்து, பரவால்லயே, வந்துட்டாரேன்னாங்க. நான் பாப்பாவ தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன். நீங்க கெளம்பறப்ப கூட உங்கள நேரா பாக்க முடியல. நீங்க வேற எதுன்னா நெனச்சிருப்பீங்க. காரணம் இதான்.

மறைச்சிட்டு சந்தோஷமா பேச முடியல. அதனால எழுதிட்டேன்.

அம்பிகா


ஆம்பூர்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்பிகா,

எனக்குத் தெரியும். நான் பாத்தேன்.

அத்தன பேர் நடுவுல நான் உன்ன மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன். நீ குனிஞ்சது புடவைக்காக இல்லன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சி.

ஒடுகத்தூருக்கு வர்றதுக்கு முன்னாடி மேடம் ஒண்ணு கேட்டாங்க. அங்க நடக்கக்கூடாதுன்னு நீங்க ரொம்ப பயப்படறது எதுன்னு. ஊர் சிரிக்கும்னு சொல்லுவேன்னு அவங்க நெனச்சிருக்கணும். நான் அப்பிடி சொல்லல. அம்பிகா என்னப் பாத்து வெக்கப்படுவான்னு சொன்னேன். அது நடந்தா என்னாவும்னு கேட்டாங்க. தெரியல மேடம், அதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னேன்.

அது நடந்துடுச்சி. உன் தல குனிஞ்சத பாத்தப்ப எனக்கு காது அடச்சிக்கிச்சி. பெரியம்மா சொன்னதே அப்புறம்தான் மனசுல ஏறிச்சி. ஓடிடலாம்னு கால் திரும்பிச்சி. ஆனா கையில பாப்பா இருந்தா. அழுதுட்டு இருந்தா. யாரும் வந்து வாங்கிக்கல, நானும் குடுக்கல. இனிமே பயப்படறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லன்னு தோணிச்சி. அதுக்கப்புறம்தான் வாய் தொறந்துச்சி.

வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். பஸ்ல ஆம்பூர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுட்டே வந்தேன். பக்கத்துல இருந்தவர் பாத்தாரு, பாத்துட்டு போகட்டும்னு விட்டுட்டேன். உன்மேல கோவம் இல்ல. நீ மறைச்சி, ரொம்ப நல்லா பண்ணீங்கன்னு எழுதியிருந்தா உன்ன எப்பவும் நம்பியிருக்க மாட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழம பாப்பாவ பாக்க வர்றேன். மதியம் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். அத்தைகிட்ட மொச்சக்கொட்ட குழம்பு வைக்க சொல்லு. பரணி மச்சானும் பெரியம்மாவும் வர்றதா இருந்தா வேணாம்னு சொல்லிடாத. எல்லாரும் இருக்கட்டும்.

கோபி